நிலா இல்லாத படகு

எங்கள் அக்காவிடம் எந்தக் குறையைக் கொண்டுபோனாலும் முதலில் ஒரு கேள்விதான் வரும். "நீங்கள் எங்க நிக்கிறியள்?"

காரிடார் விளக்கு கண்ணைக் கூசுகிறது என்றாலும் அந்தக் கேள்வி. அவர் வரைந்த படம் புரியவில்லை என்றாலும் அந்தக் கேள்வி. பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். நம் தோளை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, முகவாயைத் தொட்டு நிமிர்த்திவிட்டு, "இப்ப பாருங்கோ" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் பார்த்தால் விளக்கு கூசாது, அதுதான் அதைவிட எரிச்சல்.

உடன்பிறந்த அக்கா இல்லை. புக்கிட் மேராவின் பழைய அடுக்குமாடிப் புளோக்கில் எங்களுக்கு அடுத்த வீடு, கடைசி வீடு, அவருடையது. யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிறந்தது வளர்ந்ததெல்லாம் சிங்கப்பூர்தான். பேச்சு மட்டும் தாத்தா வந்த கப்பலைவிட்டு இன்னும் இறங்கவில்லை. ஓய்வு பெறும்வரை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஆயுசு முழுக்க ஆட்களை நிற்கவைத்து, திருப்பி, "மூச்சைப் பிடியுங்கோ" என்று சொல்லிப் பழகிய கை, வீட்டுக்கு வந்த பிறகு சும்மா இருக்குமா? எண்ணெய்ச் சாயத்தையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டது.

நடுவில் எதையும் வைக்க விடமாட்டார். அதுதான் அவருக்கு ஒவ்வாமை. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கல்யாணம். மேடை ஏறி மொய் கொடுக்கப் போனவர், மணமக்களுக்கு நேர் நடுவில் இருந்த குத்துவிளக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு இறங்கினார். மாப்பிள்ளையின் அப்பா முறைத்தார். "நடுவில வைச்சா கண் அங்கயே இருந்திடும், மற்ற இடத்துக்கு நடக்காது" என்று அவருக்கே விளக்கம் வேறு. மைக்கில் நின்றிருந்தவர் சிரித்துக்கொண்டே, "எங்க அக்கா சொன்னா மேடையே தள்ளி நிக்கும், விளக்கு நிக்காதா?" என்றார். கூட்டம் சிரித்தது, மாப்பிள்ளையின் அப்பாவும் சிரித்துவிட்டார். மைக்கில் நின்றவர் என் வீட்டுக்காரர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அக்கா வீட்டில் ஒருநாள் ஐஸ் கட்டி எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில், பீங்கான் தட்டில், நீலமும் மஞ்சளும் காவியுமாகக் குவியல் குவியலாகச் சாயம். குளிரில் வைத்தால் மறுநாளும் காயாதாம். அந்த மஞ்சளைப் பார்த்த பிறகு அவர் வீட்டில் மாங்காய் ஊறுகாய் தொடுவதை நிறுத்திவிட்டேன்.

எனக்கும் அவருக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. வெளிச்சத்தைப் பற்றியது. நான் தேக்காக் கடைத்தெருவில் ஒரு சேலைக் கடையில் வேலையாக இருக்கிறேன். இப்போதெல்லாம் பாதி வியாபாரம் கைபேசி நேரலையில்தான். எதிரே ரிங் லைட் என்கிற வட்ட விளக்கை வைத்து, முந்தானையை விரித்துப் பிடித்து, "பாருங்கம்மா, ஜரிகையைப் பாருங்க" என்று பேசவேண்டும். துணிக்கு நிழல் ஆகாது. ஒரு மடிப்பு இருட்டாகத் தெரிந்தால், கறையா என்று பத்துப் பேர் கேட்பார்கள். நிழல் என் பிழைப்புக்கு எதிரி. அக்கா கடைக்கு வந்தால் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். கடைக்குள் இருக்கிற வெளிச்சம் எல்லாம் பொய், எல்லாப் பக்கமும் வெளிச்சம் இருந்தால் எந்தப் பக்கமும் இல்லாத மாதிரிதான், என்பது அவர் கட்சி. மேகம் மூடின மத்தியானத்தில் வாசலில் நின்று, தோளில் போட்ட பட்டின் இருண்ட மடிப்பையே பார்த்துக்கொண்டு நிற்பார். வாங்குகிற பெண்கள் ஜரிகையைப் பார்ப்பார்கள், இவர் மடிப்பைப் பார்ப்பார். காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, அக்காவுக்குத் தன் நிழல் பொன் நிழல் என்று விட்டுவிடுவேன்.

இனி என் வீட்டுக்காரர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் வாயாலேயே பிழைத்தவர். பகலில் துறைமுகத்தில் வேலை, வாரக் கடைசியில் கல்யாண மேடை. இவர் மைக் பிடித்தால் சாப்பாட்டு வரிசைகூட நகராது. அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது. பேச்சு போனது. எல்லாச் சொல்லும் போய், இந்த ஊரில் எல்லாரும் பேச்சின் கடைசியில் ஒட்டுகிற "லா" மட்டும் மிஞ்சியது. வேண்டும் என்றாலும் லா, வேண்டாம் என்றாலும் லா. அதை இழுக்கிற விதத்தை வைத்து நான் புரிந்துகொள்வேன். சிங்கப்பூர்க்காரர் என்று நிரூபிக்க அது ஒன்று போதுமே என்று நானே கேலி செய்திருக்கிறேன். கேலி செய்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அதுதான் இவரை உயிரோடு கொன்றது. யாரும் பார்த்துவிடக்கூடாது என்று இடது கையில் ஒரு சின்னத் துண்டை வைத்து எந்நேரமும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பார். நல்ல கை அது ஒன்றுதான். அந்தக் கைக்கும் வேறு வேலை இல்லாமல் போயிற்று. இவருடைய தங்கை மகள் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தாள். சின்ன வயதிலிருந்தே என் கல்யாணத்துக்கு மாமாதான் மைக் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் குரல் கேட்டதும் இவர் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் கதவுக்கு வெளியே நின்று, "மாமா, பேச வேணாம் மாமா, சும்மா வந்து உட்காருங்க" என்று கெஞ்சினாள். கதவு திறக்கவில்லை. கல்யாணத்துக்கு நான் மட்டும் போய்வந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே வேண்டுதல்தான். இந்த மனுஷன் முகத்தை மறுபடி நாலு பேர் பார்க்கவேண்டும், இவர் பார்க்கவிட வேண்டும்.

ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் இவர் காரிடாரில் சுவரைப் பிடித்து நடப்பார். அக்கா வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். ஒருநாள் உள்ளேயிருந்து அக்கா, "தம்பி, அந்தக் கதிரையில கொஞ்சம் இருங்கோ, வெளிச்சம் எங்க விழுதெண்டு பார்க்கவேணும்" என்றிருக்கிறார். ஜன்னலோரமாகப் போட்டிருந்த நாற்காலி. வரையப்போகிறேன் என்று சொல்லவில்லை, துண்டை எடு என்றும் சொல்லவில்லை. வெளிச்சத்துக்கு அளவு பார்க்க ஒரு ஆள் தேவை, அவ்வளவுதான். இவர் போய் உட்கார்ந்தார். மறுநாளும் போனார். அதற்காகச் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

எனக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தேன். படம் பாதி வளர்ந்திருந்தது. எங்கள் புளோக்கின் காரிடார்தான், ஆனால் தரை இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர். இரண்டு பக்கமும் கதவுகள் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கின்றன. வாசல் செருப்புகள் ஜோடி பிரியாமல் மிதக்கின்றன. துணி காயப்போடுகிற மூங்கில்களில், என் கடையில் வாங்கிய சேலைகள் பாய்மரம்போலப் புடைத்திருக்கின்றன. காரிடார் முடிகிற இடத்தில் சுவர் இல்லை, கடல் இருக்கிறது. கடலுக்குமேல் பெரிய நிலா. மூங்கில்கள்மேல் வரிசையாக மைனாக்கள், ஒன்றும் அலகைத் திறக்கவில்லை, எல்லாம் ஒரே திசையில் பார்க்கின்றன. அவை பார்க்கிற இடத்தில், நடுவிலிருந்து தள்ளி, வலது மூலையில் கீழே, ஒரு பக்கம் சாய்ந்த படகு. படகில் இவர்.

அக்கா ஒரு பூச்சு காய்ந்த பிறகு அதன்மேல் தண்ணீர் மாதிரி மெல்லிய இன்னொரு பூச்சு பூசுவார். நம் ஊர் ஈரத்தில் ஒவ்வொரு பூச்சும் காய்வதற்கு மனசு வைக்கவேண்டும். அதற்காக ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி அடுக்கடுக்காகப் பூசியதில் வெளிச்சம் படத்துணிக்கு உள்ளேயிருந்து கசிவதுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றால் ஃபேன் சத்தம் அலைச் சத்தமாகக் கேட்கத் தொடங்கிவிடும். கால் ஈரமாகிவிட்டதா என்று நான் ஒருமுறை குனிந்தே பார்த்தேன். இந்த மைனாக்கள் என்ன என்று கேட்டதற்கு, தம்பி இன்னும் சொல்லாத சொல்லுகள் என்றார். அடுத்த வாரம் கேட்டபோது, மைனா எண்டா மைனாதான் என்றார்.

ஆனால் நிலா இவருக்குப் பின்னால் இருந்தது. ஆகவே முதுகின் ஓரத்தில் ஒரு வெள்ளிக் கோடு, காது மடலில் கொஞ்சம் வெளிச்சம், முகம் முழுக்க இருட்டு. துண்டும் அந்த இருட்டில் கரைந்துபோயிருந்தது. வீட்டில் ஒளிந்துகொண்டது போதாது என்று படத்திலும் ஒளித்துவைத்தால் என்ன அர்த்தம்?

"குன்று மேல வச்ச விளக்கா இருந்த மனுஷன்க்கா. இப்படிக் குடத்துக்குள்ள வச்சிட்டீங்களே" என்றேன்.

அக்கா திரும்பவில்லை. "நீங்கள் எங்க நிக்கிறியள்?" என்றார்.

"உங்க வீட்டுலதான் நிக்கிறேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கடையிலிருந்த ரிங் லைட்டைக் கையோடு கொண்டுபோனேன். இவர் நாற்காலியில் துண்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டிருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. சமையலறை வாசலில் ஒரு பிளக் இருந்தது. அதில் செருகி, அங்கேயே நின்று, வட்டத்தை இவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து சுவிட்சைத் தட்டினேன்.

கண் கூசினால் மனுஷன் என்ன செய்வான்? கையை நெற்றிக்குக் கொண்டுபோவான். இவருக்கு இருந்தது ஒரு கை. அந்தக் கை வாயைவிட்டு நெற்றிக்குப் போனது, துண்டு மடியில் விழுந்தது. "லா...!" என்று நீட்டி முழக்கி என்னைத் திட்டினார். பிறகு விரல் நிழலுக்குக் கீழே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வட்டத்துக்கு நடுவில் என் தலை தெரிந்திருக்கவேண்டும். கோணல் வாயோடு சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

"அசையாதையுங்கோ" என்றது அக்காவின் குரல். "மூச்சைப் பிடியுங்கோ."

விளக்கை இறக்கினால் இவர் கையும் இறங்கிவிடும் என்று நான் அப்படியே நின்றேன். தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. அக்கா தூரிகையை எடுக்கவில்லை, சாயம் வழிக்கிற தட்டைக் கத்தியை எடுத்தார். எத்தனையோ வாரமாகப் பூசி வளர்த்த, உள்ளே இன்னும் காயாத நிலாவை ஒரே இழுப்பில் வழித்து எடுத்துவிட்டார். அது தட்டில் மஞ்சள் உருண்டையாகக் கிடந்தது. அவரோ நடுநடுவே என்னைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், இவரைப் பார்த்ததைவிட அதிகமாக. கடை வெளிச்சத்தைக் கொண்டுவந்து வேலையைக் கெடுத்துவிட்டேன் என்று கோபம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமே போயிற்று. முடிந்தது என்று அவர் கூப்பிட்டபோது இருவருமாகப் போனோம். வானத்தில் நிலா இல்லை. விளக்கும் இல்லை. கடல் கறுத்துக் கிடந்தது. வெளிச்சம் இப்போது முன்பக்கமிருந்து வந்தது. சட்டத்துக்கு வெளியே, படத்தைப் பார்க்கிறவர்கள் நிற்கிற பக்கத்தில் எங்கிருந்தோ வந்து, தண்ணீரில் தவழ்ந்து, மிதக்கிற செருப்புகளைத் தொட்டு, படகில் ஏறியது. இவர் கரையைத் தேடுகிற படகுக்காரர் மாதிரி இடது கையை நெற்றியில் வைத்து எங்களைப் பார்த்தார். கையின் நிழல் கண்கள்மேல் விழுந்திருந்தது. ஆகப் பெரிய வெளிச்சம் விழுந்த இடம் அந்த வாய். அந்தக் கோணல் வாய்.

ஊருக்கெல்லாம் எதை மறைக்கிறாரோ அதையா தூக்கி வெளிச்சத்தில் வைப்பது? அக்காவைச் சமையலறைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய், வாயை மட்டும் கொஞ்சம் நேராக்கிவிடுங்கள், உங்கள் காலில் விழுகிறேன் என்று ரகசியமாகக் கேட்டேன். அக்கா மேசையிலிருந்து ஒரு சாப்ஸ்டிக் குச்சியை எடுத்துக்கொண்டு படத்துக்குப் போனார். படகின் விளிம்பின் சாய்வுக்கு அதைப் பிடித்துக் காட்டினார். அதே சாய்வில் மேலே நகர்த்தினார், அது இவர் உதட்டின் கோட்டில் சரியாகப் பொருந்தியது. இன்னும் மேலே நகர்த்தினார், மைனாக்கள் உட்கார்ந்த மூங்கிலிலும் பொருந்தியது.

"இதை நேராக்கினா படகு கவிழ்ந்திடும் தங்கச்சி" என்றார். "முழுப் படமும் இந்த வாயைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்குது."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்வாதம் தேடிக்கொண்டிருந்தபோது இவரைப் பார்த்தேன். படத்துக்கு வெகு பக்கத்தில் போய் நின்று, சாப்ஸ்டிக் போன வழியை இடது கை விரலால், சாயத்தில் படாமல், காற்றிலேயே மெல்லக் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு, வாய், மூங்கில். பிறகு அதே விரலைத் தன் உதட்டில் வைத்துப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பியபோது துண்டு அந்த நாற்காலியிலேயே கிடந்தது. நான் எடுத்துவந்து, துவைத்து, மடித்துவைத்தேன். இவர் கேட்கவில்லை.

பிறகு புளோக்கை இடிக்கப்போகிறார்கள் என்று எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போனோம். நாங்கள் தீவின் வடக்கே ஈசூனுக்கு வந்தோம். அக்கா தன் மகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். படத்தை எங்களுக்கே கொடுத்துவிட்டார். போன பிறகு ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டு, உடம்பு எப்படி என்றுகூடக் கேட்காமல், படத்தை எங்கே மாட்டப்போகிறீர்கள், குசினி வாசல், சமையலறையைத்தான் சொல்கிறார், எந்தப் பக்கம் என்று விசாரித்தார். குசினி வாசலுக்கு நேர் எதிரே மாட்டவேண்டுமாம். தாளிக்கிற புகையெல்லாம் படத்தில் ஏறுமே என்றேன். ஏறட்டும் என்றார். எண்ணெய்ச் சாயத்தை அத்தனை அருமையாக வைத்துக்கொண்டவருக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் இவரும் அந்தச் சுவரையே காட்டி "லா, லா" என்று அடம்பிடித்ததால் அங்கேயே ஆணி அடித்தோம்.

அடுத்த வருஷம் அக்கா காலமாகிவிட்டார் என்று மகள் செய்தி அனுப்பினாள். நான் அன்று நேரலையில் ஒரு சேலையின் இருண்ட மடிப்பை விரிக்காமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேனாம். கறையா என்று கேட்டுக்கேட்டு வாங்குகிறவர்கள் களைத்துப்போனார்களாம். சண்டை போட அவர் இல்லாமல் வெளிச்சத்தைப் பற்றி எனக்கு என்ன பேச்சு இருக்கிறது?

போன மாதம் இவருடைய தங்கை மகள் வந்தாள், அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சியவள். இவர் ஹாலில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து உள்ளே போகவில்லை. அவளைப் பார்த்துக் கோணல் வாயோடு சிரித்தார். அவள் இவர் காலடியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் சமையலறையில் அவளுக்காகத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து படத்துக்குப் போய் இப்படியும் அப்படியும் பார்ப்பது தெரிந்தது.

"மாமா, இதுல நிலா இல்ல, லைட் இல்ல" என்றாள். "அப்புறம் எங்கேருந்து மாமா இவ்வளவு வெளிச்சம் வருது?"

தோசை வேண்டுமா என்று கேட்க நான் கரண்டியோடு வாசலுக்கு வந்தேன். இவர் இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினார்.

"லா" என்றார்.

டீ கேட்கிறார் என்று நினைத்து, "போட்டுக்கிட்டு வரேன்" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். கை இறங்கவில்லை. அவள் படத்தைப் பார்த்தாள், இவர் கை காட்டிய திசையில் திரும்பி என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. படகிலிருப்பவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது நேராக நான் நின்ற இடத்தை. அன்றைக்கு மழை இருட்டில் இன்னொரு சமையலறை வாசலில் தோள் வலிக்க நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தை. அசையாதையுங்கோ என்று அக்கா சொன்னது இவரிடம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எங்க நிக்கிறியள் என்று எத்தனை தடவை கேட்டிருப்பார். ஒருதடவையாவது ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறேனா?

அடுப்பில் தோசை கருகுகிற வாசம் வந்தது. இவர் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல், அங்கேயே நின்றேன்.